லீக்ஸ் அங்கிளுக்கு ஓர் எதிரி தேவை

உலகத்தில் நடக்கும் அத்தனை கெடுதிக்கும் இங்கிலாந்துதான் காரணம் என்று நம்பிய ஒருவரோடு நான் வேலை செய்தேன். அத்தனைக்கும் என்றால் அத்தனைக்கும்தான். ரொறன்ரோவில் ஏப்ரலில் பனி கொட்டினால் இங்கிலாந்து. சப்வே பாதி வழியில் நின்றால் இங்கிலாந்து. போட்டோக்கொப்பி மெஷின் தாளை மென்று துப்பினால், அது எந்த நாட்டில் செய்தது என்று குனிந்து பார்ப்பார். ஜப்பான் என்று எழுதியிருக்கும். "ஜப்பான்காரனுக்கு மெஷின் செய்யப் பழக்கினது ஆர்?" என்று கேட்டபடி நிமிர்ந்து பக்கத்து மேசைக்காரரை முறைப்பார்.

அவர் வேல்ஸ்காரர். பக்கத்து மேசைக்காரர் இங்கிலாந்துக்காரர். சரியாகச் சொன்னால் அது பக்கத்து மேசை அல்ல. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு மேசை இருந்தது. அது என்னுடையது.

அந்த மேசை சும்மா கிடைத்ததல்ல. அப்பா ஐந்தாம் வகுப்போடு இலங்கைச் சண்டைக்குள் பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவர். அம்மா அதுவும் இல்லை. கனடாவுக்கு வந்து அப்பா மற்றவர்களின் ஒஃபிஸ் தரைகளைத் துடைத்தார், அம்மா சாப்பாட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடைத்தார். பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். கதிரையில் இருந்து சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான். வேலை கிடைத்த வாரம் அப்பா பார்க்க வந்தார். மேசையைத் தடவினார். "உந்தக் கதிரை சுத்துமோ?" என்றார். இருந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அன்று மாலைக்குள் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் உள்ள அத்தனை தமிழருக்கும் என் கதிரை சுற்றும் என்பது தெரிந்துவிட்டது.

அந்தக் கதிரைக்கு இடமும் வலமும், நாங்கள் தப்பி வந்த சண்டையைவிட வயதில் மூத்த சண்டை ஒன்று நடப்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

அது எலிவேற்றருக்கு உதிரிப்பாகம் விற்கும் சிறிய கம்பனி. எங்கள் கட்டடத்து எலிவேற்றர் வாரத்தில் பாதி நாள் ஓடாது. பதினோராம் மாடியிலிருந்து படியால் இறங்கித்தான் எலிவேற்றர் கம்பனிக்கு வேலைக்குப் போவேன். மூச்சு வாங்க வந்து கதிரையில் விழும்போதே இரண்டு பக்கமும் தொடங்கியிருக்கும்.

முதல் நாள் நான் ஒரு பிழை விட்டேன். வேல்ஸ்காரரின் வெள்ளைத் தாடியைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "நீங்கள் இங்கிலிஸ்காரரோ?" என்று கேட்டேன். அவர் கோப்பிக் குவளையை வைத்தார். எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு இங்கிலாந்து விழுங்கிய வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பது பற்றி, அதன் மலைகள் பற்றி, அதன் மொழி பற்றி, ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியில் வாய்திறந்த பிள்ளைகளின் கழுத்தில் பலகை கட்டித் தொங்கவிட்டது பற்றி, என் சாப்பாட்டு நேரம் முடியும்வரை சொன்னார். எனக்கு அது வேண்டியதுதான். "இந்தியரா?" என்று கேட்கிறவர்களுக்கு ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லிக் களைத்த ஓர் இனத்தில் பிறந்துவிட்டு நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது.

வீட்டில் பலகைக் கதையைச் சொன்னேன். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அப்ப உவன் எங்கட ஆள்தான்," என்றார். அடுத்த நாள் என் பைக்குள் அவருக்கென்று மட்டன் ரோல்ஸ் இருந்தது.

வேல்ஸ்காரருக்கு 'லீக்ஸ்' என்ற பெயர் அம்மா வைத்தது. மார்ச் முதலாம் திகதி வேல்ஸ்காரரின் திருநாள். அன்று அவர் கோட்டு நெஞ்சில், மற்றவர்கள் ரோஜா குத்துகிற இடத்தில், பெரிய வெங்காயத்தாள் போன்ற முழு லீக்ஸ் ஒன்றைக் குத்திக்கொண்டு வருவார். நாங்கள் பருப்போடு போட்டுக் கறி வைக்கிற அதே லீக்ஸ்தான். வேரும் இலையுமாக. வாசனை எலிவேற்றர் கதவு வரைக்கும் அடிக்கும். மட்டக்களப்புக்காரியான அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"சமைக்காம சட்டையிலயா குத்துற?"

"ஓம் அம்மா. அது அவையின்ர நாட்டுச் சின்னம்."

"பாவம் புள்ள. நாட்டுல வேற ஒண்ணும் இல்லையாக்கும். தேங்காய்ப்பால் விட்டு வைக்கச் சொல்லு."

இங்கிலாந்துக்காரருக்குத் 'துரை' என்று நான் பெயர் வைத்தேன். கழுத்துப்பட்டி கட்டாமல் அவரை யாரும் கண்டதில்லை. எலிவேற்றர் கிறீஸ் பூசிய பெட்டியைக்கூட விரலிரண்டால் தூக்குவார், தேயிலைத் தோட்டத்தைப் பார்வையிட வந்தவர் போல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இருவரும் பேசியது ஆங்கிலம். ஆனால் லீக்ஸ் அங்கிள் வாயைத் திறந்தால் என் காதில் அது அப்பா தன் கூட்டாளிகளோடு கதைப்பது போல விழும். துரை பேசினால் கோயில் திருவிழா ஒலிபெருக்கி அறிவித்தல் போல விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

"காலை வணக்கம், நண்பரே. தங்கள் நாட்டில் மழை விட்டதா?"

"எங்கட நாட்டில மழை பெஞ்சால் உமக்கென்ன காணும்? அந்தத் தண்ணியையும் குழாய் வைச்சு உங்கட ஊருக்குத்தானே கொண்டு போனனியள்."

"தங்கள் ஊர்ப் பெயரை நேற்று வரைபடத்தில் கண்டேன். அத்தனையும் மெய்யெழுத்து. உயிரெழுத்து ஒன்றேனும் வாங்கி வைக்கக் கூடாதா?"

"இருந்த உயிரெழுத்து எல்லாத்தையும் உங்கட ஆக்கள் அள்ளிக்கொண்டு போட்டினம். மியூசியத்தில போய்ப் பாரும்."

இது ஒன்பது மணிக்கு. பத்தரைக்கு ஆடுகள் வரும். வேல்ஸில் மனிதரைவிட ஆடு அதிகம் என்பது துரைக்கு ஓயாத மகிழ்ச்சி. மத்தியானம் அங்கிளின் முறை, இங்கிலாந்து ராசாக்களின் அரண்மனைகள். மூன்று மணிக்குப் பிறகு இருவருக்கும் குரல் தேய்ந்து, சும்மா பெருமூச்சு மட்டும் மாறிமாறி விடுவார்கள். நடுவில் நான் தொலைபேசியில், "ஓம் சேர், எந்த மாடியில் நிக்குது சேர், கதவு திறக்குதா சேர்," என்று கேட்டுக்கொண்டிருப்பேன். மாலையில் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு எல்லை. அப்பா யாழ்ப்பாணம்.

"மந்திரம் போட்டெல்லோ என்னைப் பிடிச்சவள் உன்ர அம்மா. மட்டக்களப்பாரின்ர வேலை உதுதானே."

"போட்ட மந்திரம் பிழைச்சிட்டு. இல்லாட்டி ஒரு கத்தரிக்காய நாலு நாள் கறியாக்கிற யாழ்ப்பாணத்தானா வந்து மாட்டுவான்?"

நான் காதைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கலாமா என்று யோசிப்பேன்.

'அங்கிள்' என்ற பட்டத்தையும் அவர் சண்டை போட்டே வாங்கினார். ஒருநாள் பழக்கதோஷத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டேன்.

"அங்கிளோ? நான் உனக்கு என்ன முறை?"

"எங்கட ஆக்கள் வயசுக்கு மரியாதையாச் சொல்லுறது."

அவர் துரையின் பக்கம் கண்ணை எறிந்தார். "உவனையும் அப்பிடித்தான் கூப்பிடுவியோ?"

"இல்லை. அவரை சேர் எண்டுதான்."

"சரி. அப்ப நான் அங்கிள்." அன்று முழுவதும் வேல்ஸ் ஒரு போரை வென்றது போல நடமாடினார். சேர் என்றதில் துரைக்கும் பரம திருப்தி. ஒரு சொல்லில் இரண்டு நாட்டையும் சமாளித்த பெருமை எனக்கு. மத்தியானம் வரைக்கும் நிலைத்தது.

வருடத்துக்கு ஒருமுறை வேல்ஸும் இங்கிலாந்தும் ரக்பி ஆடும். எங்களுக்குச் சனிக்கிழமை காலையில் அது தொலைக்காட்சியில் வரும். திங்கட்கிழமை, தோற்ற நாட்டுக்காரர் வென்ற நாட்டின் கொடி போட்ட ஏப்ரனைக் கட்டவேண்டும். அந்த நாட்டின் தேசியகீதத்தை ஒருமுறை பாடவேண்டும். பிறகு நாள் முழுக்கத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவேண்டும். நான் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே உள்ள வழக்கமாம். சில வருடங்களாக வேல்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. ஏப்ரன் அங்கிளின் அளவுக்கு வளைந்துவிட்டது.

அப்படியொரு திங்கட்கிழமைதான் தலைமை அலுவலகத்திலிருந்து புதிய எச்.ஆர். பெண் எங்களைப் பார்க்க வந்தார். நல்லவர். மிருதுவான குரல். எல்லோரும் ஒருவரையொருவர் மதித்து நடக்கவேண்டும் என்பதை மனதார நம்புகிறவர். அவருக்கு நான் 'சமாதானம்' என்று பெயர் வைத்தேன். ஊரில் சமாதானம் என்று வந்தவர்களிடமெல்லாம் அடி வாங்கிய எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துவார்கள்.

சமாதானம் கதவைத் திறந்தபோது கண்ட காட்சி இது. வெள்ளை ஏப்ரனில் இங்கிலாந்துக் கொடியின் சிவப்புச் சிலுவை. சிலுவைக்கு மேல், எதிர்ப்பைத் தெரிவிக்க, ஒரு லீக்ஸ். கையில் தேத்தண்ணித் தட்டு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் பாடும் ஒரு கிழவர். அங்கிளுக்கு உண்மையில் அருமையான குரல். அந்தப் பாட்டைக் கெடுப்பதற்கென்றே மூக்கால் பாடுவார். எதிரே கால்மேல் கால் போட்டபடி துரை.

"இன்னும் சற்று உரக்க, நண்பரே. மலையில் மேயும் தங்கள் உறவினருக்கும் கேட்கவேண்டாமா?"

"பாடுறன், பாடுறன். கள்ளரின்ர பாட்டெண்டாலும் ராகம் வேணுமெல்லோ. இந்தாரும் தேத்தண்ணி. துப்பினனானோ இல்லையோ எண்டு குடிச்சுப் பார்த்துச் சொல்லும்."

சமாதானத்தின் கையிலிருந்த பை மெல்ல நிலத்துக்கு இறங்கியது.

அன்று மத்தியானமே விசாரணை. கூட்ட அறைச் சுவர் அட்டை மாதிரி, அதற்கு இந்தப்பக்கம் என் மேசை. கேட்கக்கூடாது என்றாலும் கேட்கும்.

முதலில் அங்கிள். அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று நினைத்து, சமாதானம் மிகவும் ஆதரவாகத் தொடங்கினார். "அவர் உங்களை அவமதித்ததை நானே கேட்டேன். நீங்கள் பயப்படாமல் சொல்லலாம்."

"பயமோ? உவனுக்கோ?" கதிரை பின்னால் தள்ளப்பட்ட சத்தம். "அதுக்கு முதல் நான் அவன்ர பரம்பரையைக் கள்ளர் எண்டனான். அதையும் எழுதும். போன கிழமை அவன்ர அரண்மனையைப் பற்றிச் சொன்னதையும் எழுதும்."

சமாதானம் தப்பிப்பதற்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். "எல்லாம் பகிடிக்குச் சொன்னதுதானே?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும்.

"பகிடியோ? நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய். சத்தியம் செய்து தாறன்."

பிறகு துரை. "அவர் பேச்சு உங்களைக் காயப்படுத்துகிறதா?" என்று சமாதானம் கேட்டார். இல்லை என்று பளிச்சென்று சொல்வதைத் துரை ஒரு பண்புக் குறைவாகக் கருதுகிறவர்.

"சற்று வலிக்கத்தான் செய்கிறது, அம்மணி. ஆயினும் எங்கள் இனம் இதைவிடப் பெரிய குண்டுவீச்சுகளையும் தாங்கியிருக்கிறது."

அது பகிடி. அவர் முகத்தில் பகிடிக்கும் மரணச் செய்திக்கும் ஒரே தோற்றம். சமாதானம் அதை மரணச் செய்தியாகவே எழுதிக்கொண்டார்.

முடிவு அன்றே வந்தது. விசாரணை முடியும்வரை துரை ரெக்ஸ்டேலில் உள்ள எங்கள் களஞ்சியத்துக்குப் போகவேண்டும். இருவரும் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளக்கூடாது. குற்றம் உறுதியானால் அந்த ஏற்பாடு நிரந்தரம். சாட்சி ஒரே ஓர் ஆள்தான். நான்.

முதல் நாள் எனக்குச் சொர்க்கம். தொலைபேசியில் மற்ற ஆள் பேசுவது கேட்டது. என் மேசைக்கு எதிரே ஒரு மணிக்கூடு இருப்பதும் அது ஓடுகிற சத்தமும் அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் அங்கிள் பிந்தி வந்தார். கோட்டைக் கழற்றினார். நான் காத்திருந்தேன். "சப்வே நிண்டிட்டுது," என்றார். அவ்வளவுதான். யாரால் நின்றது என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என்னை வைத்து முயன்று பார்த்தார்.

"பிள்ளை, நீ இங்கிலிஸில தானே படிச்சனி? அப்ப நீயும் கொஞ்சம் இங்கிலாந்துதான்."

"அங்கிள், எனக்கு வேலை கிடக்கு."

"பாத்தியோ, அவங்களை மாதிரியே மழுப்புறாய்." கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "சரிவராது. உன்னட்டைக் கோபமே வருகுதில்லை."

வீட்டில் அவருக்கு ஒரு பூனை உண்டு. வேல்ஸைப் பிடித்த ஏதோ ஓர் இங்கிலாந்து ராசாவின் பெயரை அதற்கு வைத்திருந்தார், காலையும் மாலையும் திட்ட வசதியாக. "பூனையோட சண்டை பிடிக்கலாமே அங்கிள்," என்று ஆறுதலுக்குச் சொன்னேன்.

"அது திருப்பிச் சொல்லாது பிள்ளை," என்றார்.

ரெக்ஸ்டேலிலிருந்து தினமும் ஓர் அழைப்பு வரும். "எலிவேற்றர் கதவுச் சில்லு குறித்து வினவ வேண்டியிருக்கிறது," என்று துரை தொடங்குவார். சில்லு பற்றி அரை வசனம். பிறகு குரல் தாழும். "அந்த மலைவாசி உயிருடன் உள்ளாரா?"

"இருக்கிறார் சேர்."

"சாப்பிடுகிறாரா?"

"கொஞ்சம்."

"நல்லது. நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம்."

நான் போனை வைத்ததும் இந்தப்பக்கம், "ஆர் பிள்ளை?"

"ரெக்ஸ்டேல். கதவுச் சில்லு."

"உவனுக்குச் சில்லுக்கும் சீப்புக்கும் வித்தியாசம் தெரியாது எண்டு சொல்லு."

"சொல்லேலாது அங்கிள். தடை இருக்கு."

"ஓம் என்ன," என்பார், அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல. அந்த இரண்டு சொல்லும் ஒரு மூட்டை சீமெந்து போலக் கனக்கும்.

அடுத்த வாரம் சமாதானம் என்னைக் கூப்பிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இவர்கள் பேச்சு உன் வேலையைக் கெடுத்ததா?" நான் தயங்கியதைப் பயம் என்று விளங்கிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார். "நீ உண்மையைச் சொன்னால் உனக்கு அமைதியான இடம் ஒன்று தரலாம். மூலையில், ஜன்னல் ஓரம்."

ஜன்னல். சுற்றும் கதிரை, ஜன்னல் ஓரத்தில். அப்பாவுக்கு இதைச் சொன்னால் கட்டடம் தாண்டி டோர்செட் பார்க் முழுக்கத் தெரிந்துவிடும். அவர்கள் பேச்சு வேலையைக் கெடுத்ததும் உண்மை. என் மண்டையில் ஒரு நரம்பு அவர்கள் இருவருக்கென்றே தனியாகத் துடிக்கும். ஓம் என்பது நாக்கின் நுனிவரை வந்தது. மெய்யாகவே நான் களைத்துப்போயிருந்தேன்.

ஆனால் அந்த "ஓம் என்ன" காதுக்குள் கிடந்தது. விளங்கப்படுத்திப் பார்ப்போம் என்று என் வீட்டை உதாரணம் காட்டினேன். அப்பா யாழ்ப்பாணம், அம்மா மட்டக்களப்பு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அம்மா மந்திரவாதி என்கிறார் அப்பா, அப்பா கஞ்சன் என்கிறார் அம்மா. பேச்சு நின்றால்தான் நாங்கள் பிள்ளைகள் பயப்படுவோம்.

சமாதானம் முன்னால் சாய்ந்தார். என் கையைத் தொட்டார். "உன் அம்மா வீட்டில் பாதுகாப்பாக இருப்பதாக உணர்கிறாரா?"

"அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அப்பாதான் கொஞ்சம்..."

அதையும் எழுதிக்கொண்டார். நான் வெளியே வரும்போது குடும்ப உதவிக்கான துண்டுப்பிரசுரம் ஒன்று என் கையில் இருந்தது. படித்த பிள்ளை நான். நாலு வருடம் பல்கலைக்கழகம் போய், இதுதான் என் வாதத் திறமை.

ஆனாலும் சமாதானம் நேர்மையானவர். முடிவெடுப்பதற்கு முன் எல்லோரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்க விரும்பினார். துரை ரெக்ஸ்டேலிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்தார். அங்கிள் தாடியைச் சீவியிருந்தார். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"ஒரு சின்னப் பயிற்சி," என்றார் சமாதானம். "மற்றவரின் நாட்டைப் பற்றி மனதார ஒரேயொரு நல்ல வார்த்தை. உங்களால் அது முடிந்தால் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். முடியாவிட்டால் மன்னிக்கவேண்டும், ரெக்ஸ்டேல்தான்."

துரை முதலில். தொண்டையைச் செருமினார். "வேல்ஸ் மக்கள் அற்புதமாகப் பாடுவார்கள்." சமாதானம் மலர்ந்தார். "நிறுத்தத்தான் தெரியாது," என்று துரை முடித்தார். சமாதானம் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

அங்கிளின் முறை. வாயைத் திறந்தார். மூடினார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. ஏதாவது சொல்லுங்கள் என்று எனக்குள் கெஞ்சினேன். வரிசையில் ஒழுங்காக நிற்பார்கள் என்றாவது சொல்லுங்கள். பொறுக்காமல், "தேத்தண்ணி," என்று கிசுகிசுத்தேன்.

"அது உங்கட நாட்டுத் தேத்தண்ணி பிள்ளை," என்றார் உரக்க. "அதையும் அவங்கள் எடுத்ததுதான்."

சமாதானம் பேனையை எடுத்தார். அப்போது துரை, நிலத்தைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, நண்பரே. ரெக்ஸ்டேலில் எல்லோரும் என்னோடு மிக மரியாதையாகப் பேசுகிறார்கள். தாங்க முடியவில்லை."

அங்கிள் அவரைப் பார்த்தார். பொய் சொல்லலாம். ஆனால் அவருக்கு வராது. அதுதான் அவருடைய வியாதி. சட்டென்று சமாதானத்தின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ பிறந்து வளந்தது எந்த ஊர்?"

"மொன்றியல்." ரொறன்ரோவோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நிற்கும் ஊர் அது.

"நல்லது. ரொறன்ரோவைப் பற்றி மனதார ஒரு நல்ல வார்த்தை சொல்லு பாப்பம்."

"அதற்கென்ன," என்று சமாதானம் புன்னகைத்தார். வாயைத் திறந்தார். புன்னகை அப்படியே நின்றது. கண் கூரைக்குப் போனது. ஜன்னலுக்குப் போனது. மணிக்கூடு ஓடியது. நேர்மையான பெண் என்று சொன்னேனே.

"இங்கிருந்து மொன்றியலுக்கு நல்ல ரெயில் இருக்கிறது," என்றார் கடைசியில்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. சிரிப்பு வெடித்தது. அதோடு அணை உடைந்தது. ரொறன்ரோவில் விற்கும் பேகல் வெறும் ஓட்டை போட்ட பாண் என்றார். இங்கே ஹொக்கி ஆடுவதாகச் சொல்கிறவர்கள் உண்மையில் என்ன ஆடுகிறார்கள் என்று கேட்டார். இந்த ஊருக்குச் சந்தோஷமாக இருக்கவே தெரியாது, சனிக்கிழமையும் மின்னஞ்சல் பார்க்கிற ஊர் என்றார்.

"ஒரு நிமிசம், ஒரு நிமிசம்," என்று எழுந்தார் அங்கிள். "எங்கட ஊரைப் பற்றி அப்பிடிக் கதைக்கக்கூடாது."

"அது வரம்பு மீறல், அம்மணி," என்று துரையும் எழுந்தார்.

பார்த்தால் நானும் எழுந்து நிற்கிறேன். ஒரு வேல்ஸ்காரர், ஓர் இங்கிலாந்துக்காரர், ஒரு தமிழ்ப்பெட்டை, மூவரும் வரிசையாக நின்று ரொறன்ரோவின் மானத்தைக் காத்தோம். சமாதானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணைக் கோப்பை மூடினார். "ஏப்ரன் மட்டும் வேண்டாம்," என்றார். "தயவுசெய்து."

அடுத்த திங்கட்கிழமை துரை வந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார். அங்கிள் ஜன்னலைப் பார்த்தார். "நல்ல வெயில் எறிச்சது. வரக்குள்ளேயே கெடுத்திட்டான்," என்றார். அதன்பின் ஐந்து மணிவரை நிற்கவில்லை. இரண்டு வாரத்துப் பாக்கி. நான் தலைவலிக் குளிசைக்கு மேசை லாச்சியைத் திறந்தேன். பிறகு எடுக்காமலே மூடிவிட்டேன்.

அங்கிள் போன இலையுதிர்காலம் ஓய்வு பெற்றார். முழங்கால் விடவில்லை. மகள் இருக்கும் ஊருக்குப் போகிறேன் என்றார். எந்த ஊர் என்றால், "உங்கால தென்மேற்குப் பக்கம்," என்று மழுப்புவார். விடைபெறும் நாளில் துரை விடவில்லை.

"ஊரின் பெயரைச் சொல்லுங்கள், நண்பரே."

அங்கிள் தாடிக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"சற்று உரக்க."

"லண்டன்! ஒன்ராறியோவில இருக்கிற லண்டன்! இப்ப சந்தோசமோ?"

துரை கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "அங்கே தேம்ஸ் என்று ஆறும் ஓடுகிறதாம்," என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. சிரிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது திங்கட்கிழமைகளில் பத்து மணிக்கு லண்டனிலிருந்து அழைப்பு வரும். துரையின் இலக்கத்துக்கு அல்ல, எனக்கு. "அவனோட எனக்கென்ன கதை," என்பார். பிறகு சொல்வதையெல்லாம் நான் இந்தப்பக்கம் திரும்பிச் சொல்லவேண்டும். துரையின் பதிலை அந்தப்பக்கம் சொல்லவேண்டும். அலுவலக நேரத்தில் அரை மணித்தியாலம் போய்விடும். முன்பு நடுவில் இருந்தேன், இப்போது மொழிபெயர்க்கவும் செய்கிறேன். சம்பளம் அதேதான்.

போன திங்கள் பத்து மணிக்கு அழைப்பு வரவில்லை. பத்தரைக்கும் இல்லை. துரை ஒரே கடதாசியைத் திருப்பித் திருப்பி வாசித்தார். "தங்கள் தொலைபேசி பழுதாக இருக்குமோ?" என்றார், என்னைப் பார்க்காமல். நான் எடுத்துப் பார்த்தேன். பழுதில்லை. இலக்கத்தை அழுத்தினேன். நெடுநேரம் அடித்தது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம்.

"ஆர்?"

"நான்தான் அங்கிள்."

"என்ன பிள்ளை? முழங்கால் இண்டைக்கு எழும்ப விடேல்லை. இங்கிலாந்துக்கு ஏதும் நடந்திட்டுதோ?" குரலில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை அங்கிள்," என்றேன். "சும்மாதான் எடுத்தனான்."